இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஒற்றை எலக்ட்ரான்: மல்லசமுத்திரம் பக்கத்து மாணவர்களுக்கு

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கிறவர்களின் இறுதிப் பருவ புராஜெக்ட் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். துத்தநாக ஆக்சைடு நானோத்துகள் தயாரித்து, எக்ஸ்-கதிர் வரைபடம் எடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 2025 இயற்பியல் நோபல் பரிசு ஜோசப்சன் சந்தி (மெல்லிய தடுப்பின் வழியே இணைந்த இரண்டு மீக்கடத்திகள்) வைத்த மின்சுற்றுக்காக கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவருக்கும் போனபிறகு, "மீக்கடத்தி, குவாண்டம் புள்ளி, இதில் ஏதாவது செய்யலாமா?" என்ற கேள்வி எழத் தொடங்கியிருக்கிறது. செய்யலாம். ஆய்வகம்கூட வேண்டாம், ஒரு சாதாரண மடிக்கணினி போதும். ஆனால் தவறு செய்ய இடமும் நிறைய உண்டு.

பொருள் இதுதான். இரண்டு அலுமினிய முனைகள். நடுவே ஒரு கார்பன் நானோகுழாய், அல்லது இண்டியம் ஆர்சனைடு நானோகம்பி. அதில் எலக்ட்ரான்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி அடைத்து வைக்கக்கூடிய ஒரு சிறு பகுதிக்குப் பெயர் குவாண்டம் புள்ளி. அருகிலுள்ள வாயில் மின்முனையின் மின்னழுத்தத்தை மாற்றினால் எண்ணிக்கை மாறும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால், இரண்டாவதை உள்ளே சேர்க்கத் தனியாக ஆற்றல் செலவாகும். அலுமினியத்திலோ எலக்ட்ரான்கள் கூப்பர் இணைகளாகவே உலவுகின்றன. இணையாக வருகிறவர்களை ஒற்றையாளுக்கு மட்டும் இடமுள்ள வாசலில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதே கேள்வி.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

• நான்கு ஆற்றல்களை ஒரே அலகில், ஒரே தாளில் எழுதுங்கள். அலுமினியம் மீக்கடத்தியாவது சுமார் 1.2 கெல்வினில், அதன் ஆற்றல் இடைவெளி டெல்டா சுமார் 0.18 மில்லி எலக்ட்ரான் வோல்ட். புள்ளிக்குள் இரண்டு எலக்ட்ரான்களின் விலக்கு ஆற்றல், யு, சில மில்லி எலக்ட்ரான் வோல்ட். புள்ளிக்கும் முனைகளுக்கும் உள்ள பிணைப்பு, காமா, அதில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை எங்கேயும் இருக்கலாம். நான்காவது வெப்பநிலை. மே மாதம் 40 டிகிரி வெயிலில் நம் ஊர்க் காற்றின் வெப்ப ஆற்றல் சுமார் 27 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது டெல்டாவைப் போல 150 மடங்கு. அதனால்தான் இந்தச் சோதனைகளை 20, 30 மில்லிகெல்வினில் செய்கிறார்கள். எது பெரிது, எது சிறிது என்று தெரியாமல் எந்தக் கணக்கையும் தொடக்கூடாது. இந்தத் துறையில் விடை பெரும்பாலும் அந்த வரிசையிலேயே இருக்கிறது.

• மீக்கடத்தியைத் தொடுவதற்கு முன் கோண்டோ விளைவைப் படியுங்கள். 1934இல் லைடனில் தி ஹாஸ், தி போயர், வான் டென் பெர்க் மூவரும் தங்கத்தைக் குளிர்வித்தபோது, குறைந்துகொண்டே வந்த மின்தடை ஒரு கட்டத்துக்குப் பிறகு கூடத் தொடங்கியது. முப்பது ஆண்டு கழித்து, 1964இல், ஜூன் கோண்டோ காரணம் சொன்னார்: உலோகத்தில் கலந்திருக்கும் காந்தத் தன்மையுள்ள மாசு அணுவின் தற்சுழற்சியோடு கடத்தும் எலக்ட்ரான்கள் மோதி, அதைப் புரட்டிப் போடுகின்றன. ஆனால் அவர் கணக்கு மிகக் குறைந்த வெப்பநிலையில் முடிவிலிக்கு ஓடிப்போயிற்று. கென்னத் வில்சன் 1975இல் எண்வழி மறு இயல்பாக்கம் என்ற முறையால் அதைத் தீர்த்தார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே, சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் கூடி அந்தத் தனித்த தற்சுழற்சியை முழுவதும் மறைத்துவிடுகின்றன. அதுதான் கோண்டோ வெப்பநிலை. குவாண்டம் புள்ளியில் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அதுவும் ஒரு மாசு அணு மாதிரியே நடந்துகொள்ளும் என்று 1988இல் கிளாஸ்மன்–ரைக், இங்–லீ என்ற இரு குழுக்கள் தனித்தனியே கணித்தன. 1998இல் சோதனையில் காட்டப்பட்டது.

முனைகள் மீக்கடத்தியானால் சிக்கல் இங்கே வருகிறது. தற்சுழற்சியை மறைக்கத் தனி எலக்ட்ரான்கள் வேண்டும். மீக்கடத்தியில் எல்லாம் இணைந்து கிடக்கின்றன, டெல்டா கொடுத்தால்தான் பிரியும். கோண்டோ வெப்பநிலைக்கு ஈடான ஆற்றல், அதாவது கோண்டோ ஆற்றல், பெரிதாக இருந்தால் மறைப்பு வெல்கிறது. அந்த நிலைக்கு சிங்க்லெட் என்று பெயர், முனைகளும் புள்ளியும் சேர்ந்த நம் சந்தி வழக்கமான ஜோசப்சன் சந்தி போல் நடக்கும். டெல்டா பெரிதாக இருந்தால் தற்சுழற்சி மறையாமல் நிற்கிறது. அது டப்லெட், அப்போது மீக்கடத்து மின்னோட்டத்தின் திசையே திரும்பிவிடுகிறது. முதலாவதை பூஜ்ய நிலை, இரண்டாவதைப் பை நிலை என்பார்கள்.

• எச். ஆர். கிருஷ்ணமூர்த்தியின் பெயரில் தேடிப் படியுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். கார்னெல்லில் வில்கின்ஸ், வில்சன் இருவருடன் சேர்ந்து, வில்சனின் முறையை, மாசு அணுவை விவரிக்கும் ஆண்டர்சனின் 1961ஆம் ஆண்டு மாதிரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். 1980இல் பிசிகல் ரிவியூ பி இதழில் வந்த இரண்டு நீண்ட கட்டுரைகள் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூல் போல இருக்கின்றன. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கட்டுரைகளில் அவர் பெயர் 'கிருஷ்ண-மூர்த்தி' என்று நடுவில் சிறுகோடு போட்டு அச்சாகியிருக்கும். அன்றைய கணினியில் அவர்கள் தீர்த்ததை உங்கள் மேசையில் இருப்பது எளிதில் தீர்க்கும். சேலத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கட்டுரைகளைத்தான்.

தொடங்கும் முன் செய்யக்கூடாதவை

• 2023 வேதியியல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் புள்ளிகளையும் இதையும் குழப்பாதீர்கள். அவை கரைசலில் வளர்கிற, நிறம் காட்டுகிற துகள்கள். எலக்ட்ரானைச் சிறு இடத்தில் அடைக்கும் தத்துவம் பொது. மற்றபடி கருவி வேறு, கேள்வி வேறு.

• மின்னோட்டம் திரும்புவதை 'குவாண்டம் விந்தை' என்று எழுதித் தப்பிக்காதீர்கள். காரணம் எளிமையானது. பஸ்ஸில் கண்டக்டர் சீட் மாதிரி ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கை. அதில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இடதுபக்கத்து ஜோடி வலதுபக்கம் போக வேண்டும். உட்கார்ந்திருந்தவர் எழுந்து வலப்பக்கம் போகிறார். ஜோடியில் ஒருவர் சீட்டில் வந்து அமர்ந்து, அவரும் வலப்பக்கம் போய் முன்னவரோடு சேர்கிறார். ஜோடியின் மற்றவர் சீட்டில் தங்கிவிடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஜோடி கடந்துபோயிருக்கிறது, ஆனால் ஆள் மாறியிருக்கிறது. மனிதர்களாக இருந்தால் இதில் ஒன்றும் இல்லை. எலக்ட்ரான்கள் ஃபெர்மியான்கள், வரிசை மாறினால் அலைச்சார்பின் முன் ஒரு கழித்தல் குறி வந்து உட்காரும். அந்தக் கழித்தல் குறிதான் மின்னோட்டத்தைத் திருப்புகிறது. ஸ்பிவாக், கிவல்சன் இருவரும் 1991இல் தெளிவாக எழுதியது இந்தப் படத்தைத்தான்.

கணக்கில் செய்ய வேண்டியவை

• நான்குக்கு நான்கு அணியில் தொடங்குங்கள். டெல்டாவை முடிவிலி என்று வைத்துக்கொண்டால் புள்ளியில் நான்கே நிலைகள்: காலி, மேல், கீழ், இரட்டை. ஒற்றை எலக்ட்ரான் நிலைகள் இரண்டும் தனியே நிற்கும். காலியையும் இரட்டையையும் 'காமா பெருக்கல் கட்ட வேறுபாட்டின் பாதியின் கொசைன்' என்ற உறுப்பு இணைக்கும் (கட்ட வேறுபாடு என்பது இரண்டு மீக்கடத்தி முனைகளின் அலைச்சார்புக் கட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம்). தாளிலேயே தீர்த்துவிடலாம். எலக்ட்ரான்–துளை சமச்சீர் உள்ள புள்ளியில், கட்ட வேறுபாடு பூஜ்யம் என்றால், காமா யுவில் பாதியைத் தாண்டும் இடத்தில் டப்லெட் தோற்று சிங்க்லெட் கீழே வருகிறது. அரைப் பக்கக் கணக்கு. ஆனால் நிலை மாற்றம் என்பது இரண்டு ஆற்றல் மட்டங்கள் குறுக்கிடுவதுதான் என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும்.

• அடுத்த படி 64 நிலைகள். ஒவ்வொரு மீக்கடத்தி முனையையும் ஒரே ஒரு தளமாகச் சுருக்குங்கள். புள்ளியோடு மூன்று தளங்கள், தளத்துக்கு நான்கு நிலைகள். மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பது மாறாது என்பதால் அணி 32, 32 என்று இரண்டாகப் பிரியும். பைத்தானில் ஒரு மாலை வேலை. கட்ட வேறுபாட்டை மாற்றி மாற்றி ஆற்றலைக் கண்டு, அதன் வகைக்கெழுவை எடுத்தால் மின்னோட்டம். பை நிலையின் தலைகீழ் மின்னோட்டம் இதில் தெரியும்.

• உங்கள் நிரலைச் சோதித்துப் பாருங்கள். யுவைப் பூஜ்யமாக்கினால் ஒற்றை எலக்ட்ரான் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். கட்ட வேறுபாட்டின் குறியை மாற்றினால் ஆற்றல் மாறக்கூடாது. டப்லெட்டின் இரண்டு மட்டங்களும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். காந்தப்புலமே இல்லாமல் அவை பிரிந்தால், எங்கோ ஃபெர்மியான் குறியை விட்டிருக்கிறீர்கள். பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் விடுகிறார்கள்.

• இரண்டு பக்கப் பிணைப்பும் சமமில்லை என்றால் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. காட்லெட்சோவா, ஷோண்டா, நோவோட்னி மூவரும் 2017இல் காட்டிய வழி இருக்கிறது: மொத்தக் காமாவை மாற்றாமல், கட்ட வேறுபாட்டை மட்டும் தக்கபடி மாற்றினால் சமச்சீர்ச் சந்தியின் விடையே போதும்.

• அதற்குமேல் போக விரும்பினால், ரோக் ஷிட்கோ எழுதிய 'என்ஆர்ஜி லுப்லியானா' நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. 64 நிலைக் கணக்கு முடியாமல் அதைத் தொடாதீர்கள்.

கணக்கில் செய்யக்கூடாதவை

• காமாவின் வரையறையைப் பார்க்காமல் எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முழு புராஜெக்ட்டும் இதில் கவிழும்.

சிலர் காமா என்பது ஆற்றல் மட்டத்தின் முழு அகலம், சிலருக்கு அரை அகலம். யு 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட், ஒரு சோதனைக் கட்டுரை தரும் முழு அகலம் 0.6 என்று வைத்துக்கொள்வோம். கோண்டோ ஆற்றலுக்கான வில்சன் வழிச் சூத்திரம் சமச்சீர்ப் புள்ளிக்கு இது: 0.29ஐ, காமா, யு இரண்டின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை மேலும் 'மைனஸ் பை யு வகுத்தல் எட்டுக் காமா' என்பதன் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தில் காமா அரை அகலம். சரியாக 0.3 போட்டால் விடை சுமார் 16 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலையில் 0.19 கெல்வின். டெல்டாவோடு ஒப்பிட்டால் 0.09. நிலை மாற்றம் நடப்பது இந்த விகிதம் சுமார் 0.3 ஆகும்போது, எனவே சந்தி நன்றாகவே பை நிலைக்குள் இருக்கிறது.

கவனிக்காமல் 0.6ஐ அப்படியே போட்டால்? 86 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், 1 கெல்வின். விகிதம் 0.48. சந்தி இப்போது பூஜ்ய நிலையில்! காமா இரண்டு மடங்கானது, கோண்டோ ஆற்றல் ஐந்து மடங்குக்குமேல் ஏறிவிட்டது; மின்னோட்டத்தின் திசையே மாறிவிட்டது. அடுக்குக்குறிச் சார்பின் வேலை அப்படி.

• கோண்டோ வெப்பநிலைக்கும் ஒரே வரையறை இல்லை என்பதை மறக்காதீர்கள். ஹால்டேன் வழியில் முன் நிற்கும் எண் 0.29 அல்ல, சுமார் 0.71. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மடங்கு. '0.3' என்ற எல்லை வில்சன் வரையறைக்கு உரியது. ஒருவரிடம் எல்லையையும் இன்னொருவரிடம் சூத்திரத்தையும் வாங்கி ஒட்டினால் விடை யாருடையதாகவும் இருக்காது.

• முடிவிலி டெல்டா கணக்கை அலுமினியத்துக்கு நம்பாதீர்கள். மேலே சொன்ன அதே புள்ளியில் நிலை மாற்றம் காமா 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் என்று அது சொல்லும். கோண்டோ வழியில் பார்த்தால் அரையிலேயே வந்துவிடும். தவிர, அதில் டப்லெட்டின் ஆற்றல் கட்ட வேறுபாட்டைச் சார்ந்திருப்பதே இல்லை. பை நிலையில் மின்னோட்டம் பூஜ்யம் என்றே வரும். அதை வைத்துக்கொண்டு தலைகீழ் மின்னோட்டத்தைத் தேடினால் கிடைக்காது. படிக்கத் தொடங்க அது நல்ல மாதிரி, அவ்வளவுதான்.

• சராசரிப் புல முறையில் காந்தத் தீர்வு வந்துவிட்டது என்று கொண்டாடாதீர்கள். ஒரே ஒரு புள்ளியில் தற்சுழற்சி தானாக ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து நிற்க முடியாது. அந்த முறை சில இடங்களில் நல்ல எண்களைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் கோண்டோ அதில் இல்லவே இல்லை.

பிறர் அளந்ததைப் படிக்கும்போது

• மின்னோட்டத்தின் திசையை எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். தனிச் சந்தியில் அளப்பது பெரும மின்னோட்டத்தின் அளவை மட்டும், குறி தெரியாது. குறி வேண்டுமென்றால் இரண்டு சந்திகளை வளையமாக இணைத்துக் காந்தப் பாயத்தை மாற்ற வேண்டும். 2006இல் வான் டாம் குழு இண்டியம் ஆர்சனைடு கம்பியில் மின்னோட்டம் திரும்புவதைக் காட்டியது அப்படித்தான். அதே ஆண்டு கிளூசியு குழு நானோகுழாயில் செய்தது. 2012இல் மொராண்ட் குழு நானோகுழாய் வளையத்தைக்கொண்டு கோண்டோ இருக்கும் இடத்திலேயே பூஜ்யத்திலிருந்து பைக்கு மாறுவதைப் பின்தொடர்ந்தது.

• கோண்டோ வெப்பநிலையைச் சாதாரண உலோக நிலையில் அளந்தார்களா என்று பாருங்கள். சிறிய காந்தப்புலம் கொடுத்தால் அலுமினியம் மீக்கடத்தும் தன்மையை இழக்கும். திண்ம அலுமினியத்துக்குச் சுமார் 10 மில்லிடெஸ்லா போதும், மெல்லிய படலத்துக்கு அதிகம் வேண்டும். அந்த நிலையில் பூஜ்ய மின்னழுத்தத்தில் தெரியும் முகட்டை வெப்பநிலையோடு பின்தொடர்ந்து கோண்டோ வெப்பநிலையை எடுப்பார்கள். பியூட்டலார், நுஸ்பாமர், ஷோனென்பெர்கர் 2002இல் இப்படி இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டுத்தான், கோண்டோ ஆற்றல் டெல்டாவைவிடப் பெரிதான இடத்தில் கடத்தல் கூடுவதைக் காட்டினார்கள்.

• சந்தி மின்தடை நிலைக்குத் தாவும் மின்னோட்டத்தையே பெரும மின்னோட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்ப இரைச்சல் சந்தியை முன்கூட்டியே தள்ளிவிடும். அலுமினியத்தில் ஒரு கடத்தல் தடத்துக்குக் கோட்பாட்டு உச்சம் சுமார் 44 நானோ ஆம்பியர். குவாண்டம் புள்ளிகளில் அளந்த எண்கள் பலவும் சில நானோ ஆம்பியர், அதற்கும் குறைவு. எண் சின்னதாக இருக்கிறது என்பதற்காகக் கோட்பாடு தப்பு என்று எழுதிவிட வேண்டாம்.

• பூஜ்ய வெப்பநிலைக் கணக்கில் வரும் செங்குத்தான பாய்ச்சலை அளவீட்டில் தேடாதீர்கள். வெப்பம் அதை வழித்துச் சாய்வாக்கிவிடும்.

எழுதும்போதும் அனுப்பும்போதும்

• காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் அச்சிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குக் கொடுக்காதீர்கள். இந்த வட்டாரத்தில் எத்தனை மாணவர்கள் ஒரு செமஸ்டர் பஸ் பாஸுக்கு மேல் அதற்குச் செலவழித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. மேலே சொன்ன கட்டுரைகளில் புதியவை ஏறக்குறைய எல்லாமே ஆர்கைவ் தளத்தில் இலவசம். படிக்கவும் காசு வேண்டாம், பதிக்கவும் வேண்டாம்.

• இந்திய அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஆசிரியர்களுக்கும் இடமுண்டு. 64 நிலைக் கணக்கின் ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறவருக்கு 'ஆர்வம் உள்ளது' என்று மட்டும் எழுதுகிறவரைவிட வாய்ப்பு அதிகம்.

• ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் யு, டெல்டா, காமா மூன்றின் மதிப்பையும், காமா அரையா முழுதா என்பதையும் எழுதுங்கள். வைவாவுக்கு வருகிறவர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

• தலைப்பில் 'குவாண்டம் கணினிக்காக' என்று ஒட்டாதீர்கள். 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததிலிருந்து எல்லாத் தலைப்பிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது, தேர்வாளர்களுக்கும் சலித்துவிட்டது. "இதனால் என்ன பயன்?" என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். அப்போது நடந்ததைச் சொல்லுங்கள். 2022இல் டெல்ஃப்டில் இப்படி ஒரு புள்ளியை டிரான்ஸ்மான் என்ற மீக்கடத்திச் சுற்றுக்குள் வைத்து, சிங்க்லெட்டா டப்லெட்டா என்று மைக்ரோ அலையால் படித்தார்கள். அடுத்த ஆண்டு அந்த டப்லெட்டின் தற்சுழற்சியையே க்யூபிட்டாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதன் குவாண்டம் நினைவு நிலைத்தது சில பத்து நானோ விநாடிகள் மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.